பாதை நீங்கலாக

எலேனுக்குத் தமிழ் தெரியும், அதுதான் தொல்லை. தெரியாதவளாக இருந்தால் என் ஆத்திரம் முழுவதையும் அவள்மேல் கொட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் லேப்டாப்பில் அவள் முகம் வரும். பிரான்சில் அப்போதுதான் விடிந்திருக்கும். "வணக்கம் ஜெயசித்ரா அவர்களே, தாங்கள் நலமா?" என்பாள். புத்தகம் படித்துக் கற்ற தமிழ். என்னை 'அவர்களே' போட்டுக் கூப்பிட்ட ஒரே ஆள் இந்த உலகத்தில் அவள்தான். எங்கள் ஊரில் நான் பக்கிரி மகள். எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு பாட்டிலுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்த சேதராப்பட்டுக் கம்பெனியில் எனக்குப் பெயரே கிடையாது. 'ஏய், செகண்ட் ஷிப்ட்' என்றால் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோது பாகூர்ப் பக்கத்து நிலங்கள் எப்படிக் கைமாறின என்பது எலேனின் ஆராய்ச்சி. அதற்கான காகிதங்களில் பாதி அவள் நாட்டில் இருக்கின்றன. மீதி எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளின் மரப்பெட்டிகளில் கிடக்கின்றன. அவள் பல்கலைக்கழகம், கவிழ்த்து மாட்டும் கேமரா ஒன்றையும் லேப்டாப் ஒன்றையும் அனுப்பிவைத்து, உள்ளூரில் சரித்திரம் படித்த ஆள் யார் என்று தேடி என்னைப் பிடித்தது. நான் காகிதத்தைப் பிரித்து, மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, கேமராவுக்குக் கீழே விரித்து வைப்பேன். எலேன் அங்கே தன் திரையில் பார்த்துக்கொண்டே, "சற்றே இடப்புறம் நகர்த்துங்கள்", "கீழ் விளிம்பு மடிந்துள்ளது" என்பாள். படத்தை அங்கிருந்தபடி அவளே எடுத்துக்கொள்வாள். அது நேராக அவர்கள் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். என் கையில் தூசியைத் தவிர ஒன்றும் தங்காது.

பெட்டி சுப்புராயனுடையது. ஏரிக்குத் தெற்கே நெல்லும் கரும்புமாக அவர் குடும்பத்துக்கு இல்லாத நிலம் இல்லை. என் அப்பாவும் என் தாத்தாவும் அந்த நிலத்தில் குனிந்தவர்கள், நிமிராமலே போய்விட்டார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரி தன் வீட்டுக் காகிதத்தைக் கேட்கிறாள் என்றதும் சுப்புராயனுக்குத் தலைகால் புரியவில்லை. காலனிப் பெண்தான் வந்து படமெடுக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் கொஞ்சம் புரிந்தது. மேஜையைக் கார் ஷெட்டில் போட்டார். என் போனை வாசலிலேயே வாங்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்துக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதம்மா, வூட்டுப் பத்திரம் பாரு, நாளைக்கு யார் யார் கையிலயோ போயிடக் கூடாது" என்றார். டீ பேப்பர் கப்பில் வந்தது. எலக்ட்ரீஷியனுக்கு எவர்சில்வர் டம்ளரில் கொடுத்ததைப் பார்த்தேன். எலேன் திரையில் என் கப்பைப் பார்த்துவிட்டு, "தங்களை நன்கு உபசரிக்கிறார்கள், மகிழ்ச்சி" என்றாள். நானும் மகிழ்ச்சி என்றேன்.

நான் அந்த வேலைக்குப் போனது சரித்திரத்துக்காக அல்ல, ஒரு பாதைக்காக.

எங்கள் காலனியிலிருந்து சுடுகாட்டுக்கு ஒரே வழி சுப்புராயன் நிலத்துக்கு நடுவில் போகும் பாதை. சுடுகாடு என்பது பேச்சுக்குத்தான், நாங்கள் புதைக்கிறவர்கள். என் அப்பா அங்கேதான் கிடக்கிறார். இரண்டு பக்கமும் நெல் நிற்கும்போது அந்தப் பாதையில் எங்கள் ஆட்கள் பிணம் தூக்கிப் போவதை யாரும் எந்தக் காலத்திலும் தடுத்ததில்லை. நிலம் நிலமாக இருந்த வரைக்கும் யாருக்கும் வலிக்கவில்லை. சுப்புராயன் அதை மனை போடுகிறவர்களோடு கூட்டுச் சேர்ந்து பிளாட்டாக ஆக்கிய பிறகுதான் வலித்தது. மனை வாங்கக் காரில் வருகிறவன் முன்னால் பிணம் போனால் விலை போகுமா? சுற்றிச் சுவர் எழுப்பினார்கள், கேட் போட்டார்கள், பாதை உள்ளே போய்விட்டது. சுடுகாட்டின் மறுபக்கம் வாய்க்கால். மழைக்காலத்தில் அதில் ஆள் முங்கும்.

அம்மா அப்போது பக்கவாதம் வந்து படுத்திருந்தாள். பெயர் காசம்மாள், பெயரைத் தவிர காசுக்கும் அவளுக்கும் சம்பந்தம் இருந்ததில்லை. ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டாலும் வாய் விழவில்லை. சுவர் எழும்பியது தெரிந்த நாளிலிருந்து ஒரே பேச்சுதான்.

"என்னக் கொளுத்திப்புடாதடி சித்ரா. உங்கப்பன் பக்கத்துல வெச்சிடு."

"இப்ப இன்னாத்துக்கும்மா அந்தப் பேச்சு?"

"இன்னாத்துக்கா? கரும்புத் தோகை கொளுத்துற சூட்டுல நின்னு நின்னே உசுரோட வெந்தவ நானு. செத்தும் வேகணுமா?"

ரெவின்யூ அதிகாரியிடம் மனு கொடுத்தோம். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், மனுவை முழுக்கப் படித்தார். "பாதை இருந்துச்சுன்னு நீங்க சொல்றீங்க, இல்லன்னு அவரு சொல்றாரு. வரைபடத்துல கோடு இல்ல. பழைய பத்திரம் எதுலயாச்சும் ஒரு வரி இருந்தா எடுத்தாங்க, அளந்து கல்லு நட்டுக் குடுத்துடறேன்" என்றார். பதிவு ஆபீசில் கேட்டால் அந்தக் காலத்துப் புத்தகங்கள் இல்லை என்று கையை விரித்தார்கள். அந்த நிலத்தின் பழைய பத்திரம் இருக்கக்கூடிய ஒரே இடம் சுப்புராயன் வீட்டுப் பெட்டி. அதைத் திறந்து காட்டு என்று அவரையே கேட்க முடியுமா? அந்த நேரத்தில்தான் எலேனின் மெயில் வந்தது. மூடி போடும் வேலையை அன்றே விட்டேன்.

பத்திரம் ஐப்பசி மழைநாள் ஒன்றில் கிடைத்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் பத்திரம் எழுதி முத்திரை வைக்கிறவரை நொத்தேர் என்பார்கள். அப்படி ஒரு நொத்தேர் முன்னால் சுப்புராயனின் பாட்டனார்கள் சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்ட பத்திரம். மேலே பிரெஞ்சு, கீழே தமிழ். தமிழ் என்றாலும் புள்ளி இல்லாமல், இடைவெளி இல்லாமல் எறும்பு ஊர்ந்தது மாதிரி இருக்கும் கையெழுத்து. சுப்புராயன் தன் ஆயுளில் அதைப் படித்திருக்க மாட்டார். நான் விரலை வைத்துக்கொண்டே வந்தேன். நான்கு எல்லையும் சொல்லிவிட்டு அந்த வரி வந்தது.

'இதில் பறைச்சேரியார் பிணங் கொண்டு போகிற பாதை நீங்கலாக, மற்ற நஞ்செய் முழுதும்.'

பறைச்சேரி எங்கள் காலனிதான். அந்தக் காலத்துப் பத்திரத்தில் அதுதான் பெயர். இந்தக் காலத்து வாயில் அது வசவு. ஆனால் அந்த 'நீங்கலாக' இருக்கிறதே, அதற்காக அந்த நொத்தேரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. நிலத்தை அவர்கள் பிரித்துக்கொள்ளும்போதே பாதை தங்களுடையது இல்லை என்று தள்ளி வைத்துவிட்டுத்தான் பிரித்திருக்கிறார்கள். தன்னுடையது அல்லாததைச் சுப்புராயன் எப்படி மனை போட்டு விற்க முடியும்?

எலேனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. "அற்புதம். உடைமையாளரின் ஆவணமே தங்கள் மக்களின் உரிமையை ஒப்புக்கொள்கிறது" என்றாள். எனக்கு ஒரு படம் அனுப்பு என்றேன். ஒப்பந்தப்படி தனியாக யாருக்கும் படி கொடுக்க இயலாது என்றாள். "ஆயினும் கவலற்க. சில திங்களில் இவை அனைத்தும் இணையத்தில் ஏறும். உலகமே காணும்."

உலகமே பார்க்கப்போகும்போது எனக்குத் தனியாக ஒரு ஜெராக்ஸ் எதற்கு? நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள் நல்ல கையால் என் முகத்தைத் தடவினாள். படிக்கவைத்த காசு இப்போதுதான் வசூலாகிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்.

பெட்டி முடிந்தது. கேமராவையும் லேப்டாப்பையும் கூரியரில் அனுப்பிவைத்தேன். பொங்கல் வந்தது, போனது. மனதுக்குள் ஏதோ அரித்ததால், காணும் பொங்கல் கழித்து சுப்புராயன் வீட்டுக்குப் போனேன். எலேன் ஒரு பக்கம் சரியாக விழவில்லை என்கிறாள், மறுபடி பெட்டியைத் திறக்க வேண்டும் என்று ஒரு பொய்யைத் தயாரித்து வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தை எப்படியாவது வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்காகத் திருடவும் தயாராகத்தான் போனேன்.

"அட, இன்னும் அத்த நெனச்சிகினா இருக்கிற?" என்றார் சுப்புராயன். "போகிக்கு எல்லாத்தையும் போட்டுட்டோம்மா."

"இன்னா சார் சொல்றீங்க?"

"பின்ன இன்னா? அதான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டீங்களே. கரையான் அரிச்ச காகிதத்த வூட்ல வெச்சிகினு யாரு கும்புடறது? பெட்டி நல்ல தேக்கு. கழுவி வெச்சிருக்கேன், பாக்கிறியா?"

போகிக்குப் பழசை எரிப்பது எல்லா வீட்டிலும் உண்டு. கிழிந்த பாயை எரிப்பார்கள், துடைப்பத்தை எரிப்பார்கள். இவர்கள் தங்கள் பாட்டனின் பத்திரத்தை எரித்திருக்கிறார்கள். வேண்டுமென்று செய்தாரா என்று அவர் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். கபடமே இல்லை. பளபளவென்று கழுவித் துடைத்த பெட்டியை என்னிடம் காட்டி, பிள்ளையைக் காட்டுவது மாதிரி பெருமைப்பட்டார். அவர் சூது செய்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

செய்தியைச் சொன்னதும் எலேன், "ஐயகோ" என்றாள். எங்கள் ஊரில் ஆள் செத்தால்கூட யாரும் ஐயகோ என்பதில்லை. பிறகு நிஜமாகவே அழுதாள், மூக்கு சிவந்துபோயிற்று. "ஆயினும் நம்மிடம் படங்கள் உள்ளன. மூலம் அழிந்தமையால் அவற்றின் மதிப்பு இன்னும் உயர்ந்துவிட்டது" என்றாள். அது அவளுக்கு ஆறுதல்.

சித்திரை வெயிலில் ஒருநாள் இணையதளம் திறந்தது. எலேன் இணைப்பு அனுப்பினாள். அரசாங்கப் பஸ்ஸில் பாகூர் போய், பிரவுசிங் சென்டர் பையனிடம் பெரிய காகிதத்தில் கலரில் பிரிண்ட் போடச் சொன்னேன். பிரிண்டரிலிருந்து மேல்பாதி வந்தது, முத்திரை வந்தது, நான்கு எல்லையும் வந்தது. அந்த வரியும் வந்தது. இப்படி வந்தது: ஒரு கறுப்புக் கட்டம், அதற்குப் பிறகு 'பிணங் கொண்டு போகிற பாதை நீங்கலாக'.

பிரிண்டரில் கோளாறு என்று அந்தப் பையனோடு சண்டை போட்டேன். பாவம், அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். திரையிலும் கறுப்புதான். பெட்டியின் எல்லாக் காகிதங்களிலும், பிரெஞ்சிலும் தமிழிலும், சாதிப் பெயர் வருகிற இடமெல்லாம் அளவெடுத்து அடித்த மாதிரி கறுப்புக் கட்டங்கள்.

அன்றைக்கே எலேனைப் பிடித்தேன்.

"அறநெறிக் குழுவின் முடிவு, ஜெயசித்ரா அவர்களே. இழிவுபடுத்தும் சாதிச் சொற்களைப் பொதுவெளியில் வைத்தல் ஆகாது என்று கருதினர். அச்சொற்கள் தங்களைப் போன்றோரைப் புண்படுத்தும் அல்லவா?"

"என்னப் போல யாரக் கேட்டாங்க?"

அவள் குனிந்து தன் காகிதங்களைப் புரட்டினாள்.

"எலேன், அந்தப் பேரு தான் ஆதாரம். அது இல்லன்னா அது வெறும் பாதை. யார் பாதைன்னு எப்படிச் சொல்லுவேன்? கறுப்பு அடிக்காத படம் உங்க கிட்ட இருக்குது. ஒண்ணே ஒண்ணு அனுப்பு, போதும்."

"எனக்கு அதிகாரம் இல்லை. என் பணி போய்விடும்."

"எங்க வூட்ல ஒரு உசுரு போவப் போவுது."

இதையும் அவள் புரிந்துகொண்டாள். தமிழ் தெரிந்தவள் அல்லவா? கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழுவுக்கு எழுதுவதாகச் சொன்னாள். நல்லவள்தான். அந்த நல்லதனத்தை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு முழம் பாதை கிடைக்கவில்லை.

கறுப்புக் கட்டத்தோடேயே காகிதத்தைக் கொண்டுபோய் ரெவின்யூ அதிகாரியிடம் வைத்தேன். அவர் சுப்புராயனையும் வரச் சொல்லியிருந்தார். சுப்புராயன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் வீட்டுப் பத்திரத்தை முதல்முறையாக வாசிக்கக் கேட்டார். அதிகாரிதான் வாசித்தார்.

"பாதை இருந்தது நெசந்தாங்க சார்" என்றார் சுப்புராயன், ஒரு தும்மல் போட்டுவிட்டு. "அது எங்க வூட்டுப் பொணம் போற பாதை. எங்க பாட்டன் முப்பாட்டன் எல்லாம் அப்படித்தான் போனாங்க. அந்தக் கறுப்புல எங்க வம்சத்துப் பேரு இருந்திருக்கும்."

"உங்க வூட்டுச் சுடுகாடு ஊருக்கு வடக்கால இருக்குது, சார்" என்றேன். "தெக்கால பாதை எதுக்கு?"

"அந்தக் காலத்துல எங்க இருந்துச்சோ, யாரு கண்டா?"

நான் அதிகாரியைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. "இத பாரும்மா, எனக்குத் தெரியுது. ஆனா ஃபைல்ல நான் இன்னா எழுதறது? யாரோட பாதைங்கற எடத்துல தான கறுப்பு அடிச்சிருக்குது? இதுக்கு மேல உத்தரவு போட்டா, நாளைக்குக் கோர்ட்டுல என்னத்தான் நிக்க வெப்பாங்க. கறுப்பு இல்லாம எடுத்தாந்தா, அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்" என்றார். வெளியே வந்ததும் சுப்புராயன் என்னிடம், "அம்மா எப்படி இருக்காங்க? கஞ்சி கிஞ்சி குடிக்கிறாங்களா?" என்று கேட்டார். அக்கறையாகவே கேட்டார்.

எலேனிடமிருந்து குழுவின் பதில் வந்தது. சம்பந்தப்பட்ட சமூகத்தின் பிரதிநிதிகள், அந்தச் சொல் தங்களைப் புண்படுத்தவில்லை என்று எழுதிக் கொடுத்தால், அந்த ஒரு பக்கத்தில் மட்டும் கறுப்பை எடுப்பதைப் பரிசீலிப்பார்களாம். படித்துவிட்டுச் சிரித்தேன். அம்மா பயந்துபோய், "இன்னாடி?" என்றாள்.

சமூகத்தின் பிரதிநிதி என்றால் எங்கள் ஊரில் புகழ்வேந்தன் அண்ணன்தான். காலனிச் சங்கத்தின் தலைவர், எனக்குப் பெரியப்பா மகன். பாதைக்கான மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. சுவர் எழுப்பிய அன்று ஜே.சி.பி.க்கு முன்னால் படுத்தவரும் அவர்தான். கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அவர் படித்தார். மறுபடி படித்தார்.

"இதுல இன்னா எழுதியிருக்கிற சித்ரா? அந்தப் பேரு நம்மளப் புண்படுத்தலன்னா?"

"அப்படி எழுதினாத்தான் கறுப்ப எடுப்பாங்க, அண்ணே."

"எங்கப்பன் கால் எப்படி ஒடஞ்சிதுன்னு தெரியுமா உனக்கு? ஊரு எல்லையில போர்டுல அந்தப் பேரு இருந்துச்சு. தார் எடுத்துப் பூசி அழிச்சாரு. அதுக்குத்தான் ஒடச்சானுங்க. அதுக்கப்பறம்தான் அறிவொளி நகர்னு பேரு வாங்கனோம். இப்ப நானு, அது வலிக்கலன்னு என் கையால எழுதித் தரணுமா?"

"அண்ணே, அம்மா..."

"சித்திக்கோசரம் உயிரக் குடுப்பேன். இதக் குடுக்க மாட்டேன். பாதைய நான் போராடி வாங்கித் தரேன். அந்தப் பேர வெச்சி வாங்காத."

நான் கத்தினேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். திரும்பி நடந்து வரும்போது வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன், ஆனால் அவர் சொன்னதில் எது தப்பு என்று வீடு வந்து சேரும்வரைக்கும் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் அப்பன் பூசியது தார், பிரான்சில் பூசியது கறுப்புக் கட்டம். அடிபட்டு உதைபட்டு வாங்கிய மரியாதையும் உட்கார்ந்த இடத்திலிருந்து கொடுத்த மரியாதையும் ஒரே இடத்தில் வந்து ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. அடியில் மாட்டிக்கொண்டது என் அம்மாவின் குழி.

கடைசியில் நான் ஒருத்தியே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். 'இந்தச் சொல் எங்களைப் புண்படுத்துகிறது. ஆனாலும் எங்களுக்கு வேண்டும்' என்று எழுதினேன். பொய் எழுத மனம் வரவில்லை. எலேன், "மிகச் செறிவான வாக்கியம்" என்று பாராட்டினாள். தனி ஒருவரின் கடிதம் பிரதிநிதித்துவம் ஆகுமா என்று குழு விவாதிக்கும், குழு கோடை விடுமுறைக்குப் பிறகு கூடும் என்றாள். கோடை முடிந்தது. ஒருவருக்கு உடம்பு சரியில்லை, தள்ளிவைத்திருக்கிறார்கள் என்றாள். எங்கள் வீட்டிலும் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றேன்.

ஐப்பசி பிறந்ததும் அம்மாவுக்கு வாயும் குழற ஆரம்பித்தது. அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"பேப்பரு வந்துச்சாடி?"

"வந்துடுச்சும்மா" என்றேன் ஒருநாள்.

"கேட்டத் தொறந்துட்டானா?"

"தொறந்துட்டாங்க. கல்லு நட்டு வுட்டுட்டாங்க."

"அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும். அந்த வெள்ளக்காரப் பொண்ணு" என்றாள். அதுதான் அவள் எனக்குப் புரியும்படி பேசிய கடைசிப் பேச்சு.

கார்த்திகையில், அடைமழைக்கு நடுவில் போனாள். வாய்க்கால் கரை புரண்டு ஓடியது. புகழ்வேந்தன் அண்ணன் எல்லோருக்கும் முன்னால் வந்து பாடையில் தோள் கொடுத்தார். நேராகப் பழைய வழிக்கே கொண்டுபோவோம், வருவது வரட்டும் என்று சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்திருந்தார்கள். பெண்கள் சுடுகாடு வரைக்கும் போகும் வழக்கம் இல்லை. நான் போனேன், யாரும் தடுக்கவில்லை.

கேட் பூட்டியிருந்தது. உள்ளே மனைக்கு மனை வெள்ளையடித்த கற்கள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. சுப்புராயன் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், பக்கத்தில் மனைக் கம்பெனி ஆட்கள், சற்றுத் தள்ளி ஒரு போலீஸ் ஜீப். அவர் கும்பிட்டார். பாடையைப் பார்த்துத்தான் கும்பிட்டார்.

"காசம்மா எங்க நெலத்துல ஒழைச்ச பொம்பள. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா அறிவொளி நகர் ஆளுங்களுக்கு இதுல வழி இருக்குதுன்னு ஒரு பேப்பரக் காட்டட்டும், நானே சாவியத் தரேன். காலனிக்காரங்கன்னுகூட நான் சொல்றதில்ல இப்பல்லாம். அறிவொளி நகர்னு எழுதன ஒரே ஒரு பேப்பரு."

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. எல்லோரும் எங்களை எவ்வளவு மரியாதையாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். என் அம்மா மழையில் நனைந்துகொண்டிருந்தாள்.

"அறிவொளி நகர்னு எழுதல" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "பறைச்சேரின்னு எழுதியிருக்குது. உங்க பாட்டன் கையெழுத்துப் போட்ட பத்திரத்துல, பறைச்சேரியார் பிணங் கொண்டு போகிற பாதைன்னு எழுதியிருக்குது. நான் என் கண்ணால படிச்சேன். இது பறைச்சேரிப் பாதை. நாங்க பறைச்சேரி. கேட்டத் தொறங்க."

தோள் கொடுத்து நின்றவர்கள் தலை குனிந்தார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர்கூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "போதும் சித்ரா" என்றார் புகழ்வேந்தன் அண்ணன், மிக மெதுவாக.

சுப்புராயன் குடையைத் தோளில் சாய்த்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "எல்லாரும் கேட்டுக்கோங்கப்பா. நான் அந்த வார்த்தய வாயால சொல்லல. அந்தப் பொண்ணேதான் சொல்லிச்சு. நாளைக்கு என் மேல கேஸ் கீஸ்னு வரக் கூடாது" என்றார், ஜீப்பைப் பார்த்து. ஜீப்பிலிருந்து ஒருவர் தலையாட்டினார்.

பாடை திரும்பியது. மெயின் ரோடு வழியாக, பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கி, பக்கத்து ஊர் எரிவாயு எரிமேடைக்குக் கொண்டுபோனோம். அங்கே யாரும் எந்தப் பேப்பரும் கேட்கவில்லை, யார் என்ன சாதி என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கதவு, எல்லோருக்கும் ஒரே நெருப்பு. பட்டனை அழுத்துகிற ஆள், வெளியே போய் நில்லும்மா என்றார். நான் போகவில்லை. அப்பா பக்கத்தில் குழி தயாராக இருக்கிறது என்று நம்பிக் கண்ணை மூடியவளை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.